கிஸ் இசைக்குழுவை விற்றார்கள் என்றால், எதை விற்றார்கள்?

2023 டிசம்பர் 2ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிஸ் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. ஐம்பது வருடக் கதை முடிந்தது என்று ரசிகர்கள் நினைத்த அதே இரவில், நாலு பேரும் மேடையை விட்டு இறங்கியதும், திரையில் அவர்களுடைய டிஜிட்டல் உருவங்கள் தோன்றிப் பாட ஆரம்பித்தன. நாலு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில், குழுவின் பாட்டு, பெயர், முகங்கள் என எல்லாவற்றையும் ஸ்வீடனைச் சேர்ந்த பாப்ஹவுஸ் நிறுவனம் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. விலை 30 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அப்புறம் 2025 நவம்பரில், லாஸ் வேகாஸில் நடந்த ஒரு ரசிகர் விழாவில், முகச்சாயம் பூசாமல் அவர்களே மேடையேறி வாசித்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். குழு இருக்கிறதா, இல்லையா? ஒரு மனிதனின் முகத்தை இன்னொரு நிறுவனம் எப்படி வாங்கும்? விற்றது யார், பணம் யாருக்குப் போனது? இதற்கெல்லாம் பதில் 2024 ஒப்பந்தத்தில் மட்டும் இல்லை. 1973இல் எடுத்த ஒரு முடிவிலும், 2001இல் எடுத்த இன்னொரு முடிவிலும் பாதி பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில், யார் இவர்கள்

கிஸ் ஒரு ஹார்ட் ராக் குழு. மின்கிடாரை உரக்க வைத்து, கனமான டிரம்ஸ் அடியில், அரங்கம் முழுக்கச் சேர்ந்து கத்திப் பாடுகிற மாதிரி பல்லவி அமைப்பது இந்த வகை இசை. நியூயார்க்கில் ஜீன் சிம்மன்ஸ் (பாஸ் கிடார்), பால் ஸ்டான்லி (கிடார்) இருவரும் முன்பு வேறொரு குழு நடத்தினார்கள். அது ஒரு ஆல்பம் பதிவு செய்தும் வெளிவராமலே போனது. பிறகு பத்திரிகை விளம்பரம் மூலம் டிரம்ஸ் வாசிக்க பீட்டர் கிறிஸ் கிடைத்தார். இன்னொரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு காலில் ஒரு நிறம், மறு காலில் இன்னொரு நிறம் என்று ஷூ போட்டுக்கொண்டு ஏஸ் ஃப்ரேலி வந்து சேர்ந்தார். 1973 ஜனவரி 30 அன்று குவீன்ஸ் பகுதியில் ஒரு சின்ன கிளப்பில் முதல் கச்சேரி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் முன்னால்.

அந்த வருடத்திலேயே அவர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொள்ள ஆரம்பித்து, ஆளுக்கொரு பாத்திரத்தை வகுத்துக்கொண்டார்கள். ஜீன் நாக்கை நீட்டி ரத்தம் கக்கும் அரக்கன், பால் ஒரு கண்ணில் நட்சத்திரம் வரைந்த நட்சத்திரக் குழந்தை, ஏஸ் விண்வெளி மனிதன், பீட்டர் பூனை மனிதன். சாயம் இல்லாமல் பொதுவில் தலைகாட்டுவதில்லை, படம் எடுக்க விடுவதில்லை என்று பத்து வருடம் பிடிவாதமாக இருந்தார்கள். விளைவு, ரசிகனுக்கு ஜீன் சிம்மன்ஸின் முகம் தெரியாது, அரக்கனின் முகம்தான் தெரியும். ஆளும் அவர் பெயரில் மேடையேறும் உருவமும் இங்கேயே பிரிந்துவிட்டன. அன்றைக்கு யாரும் இதைச் சட்டக் கண்ணோடு யோசித்திருக்க மாட்டார்கள், பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும், கடைசியில் இது முக்கியமாகும். மின்னல் வெட்டு மாதிரி இரண்டு ‘எஸ்’ எழுத்துகள் கொண்ட அந்தப் புகழ்பெற்ற கிஸ் லோகோவை முதலில் வரைந்தவர் ஏஸ். (அந்த எழுத்துகள் நாஜி எஸ்எஸ் படையின் சின்னத்தை நினைவுபடுத்தியதால், ஜெர்மனி போன்ற சில நாடுகளில் வேறு வடிவ லோகோவைப் பயன்படுத்துகிறார்கள்.) விண்வெளி மனிதனின் முகச்சாயத்தை வடிவமைத்தவரும் அவரேதான்.

பணம் ரெக்கார்டில் இருந்து மட்டும் வரவில்லை

முதல் ஆல்பம் 1974 பிப்ரவரியில், நீல் போகார்ட் புதிதாகத் தொடங்கியிருந்த கேஸபிளாங்கா என்ற ரெக்கார்ட் நிறுவனத்தில் வந்தது. முதல் மூன்று ஆல்பங்களும் பெரிதாக விற்கவில்லை. கச்சேரிக்குக் கூட்டம் வருகிறது, ரெக்கார்ட் போகவில்லை. கம்பெனியிடம் பணம் இல்லை, மேனேஜர் பில் ஆகாயின் சுற்றுப்பயணச் செலவைத் தன் சொந்த கிரெடிட் கார்டில் ஓட்டினார். அப்போது ஒரு யோசனை வந்தது: மக்கள் கச்சேரியைத்தான் விரும்புகிறார்கள் என்றால் கச்சேரியையே ஆல்பமாகப் போடுவோம். 1975 செப்டம்பரில் வந்த ‘அலைவ்!’ என்ற இரட்டை ஆல்பம் அமெரிக்காவின் முதல் பத்து இடத்துக்குள் போய், குழுவையும் கம்பெனியையும் காப்பாற்றியது.

அதன் பிறகு நடந்தது இசைத்துறைக்கே புதுசு. 1977இல் மார்வெல் நிறுவனம் கிஸ் காமிக்ஸ் போட்டது, அதற்கான சிவப்பு மையில் நாலு பேரும் தங்கள் ரத்தத்தைக் கலந்தார்கள். பொம்மை, டிபன் பெட்டி, பின்பால் இயந்திரம், முகச்சாயப் பெட்டி, டிவி படம், பின்னாளில் சவப்பெட்டி வரை கிஸ் பெயரில் விற்பனைக்கு வந்தது. இவ்வளவு பேர் பெற்ற குழுவுக்கு அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடம் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை, 2009இல் எட்டிய இரண்டாம் இடம்தான் உச்சம். பாட்டை மட்டும் நம்பி இருந்திருந்தால் பாப்ஹவுஸ் இவ்வளவு விலை கொடுத்திருக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். இவர்களிடம் விற்கத்தக்க பெரிய சொத்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் குழந்தைகூட அடையாளம் சொல்லும் நாலு முகங்கள்.

ஆள் போனால் முகம் யாருக்கு?

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. குடி, போதை, ஈகோ, தவறான ஆல்பம் முடிவுகள் எல்லாம் சேர்ந்து 1980இல் பீட்டர் வெளியேறினார். 1982இல் ஏஸும் போனார். அப்போது குழு என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். பீட்டருக்குப் பதில் வந்த எரிக் காருக்குப் பூனை முகத்தைக் கொடுக்கவில்லை, நரி முகம் ஒன்றைப் புதிதாக உருவாக்கினார்கள். ஏஸ் இடத்துக்கு வந்த வின்னி வின்சென்ட்டுக்கும் நெற்றியில் எகிப்தியச் சின்னம் வரைந்த புது முகம். புது ஆள் வந்தால் புது முகம் என்பதுதான் அன்றைய நடைமுறை. மூல ரசிகர்களுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் ஏமாற்றப்பட்டதாக யாரும் உணரவில்லை. எரிக் காரை இன்றும் ரசிகர்கள் பாசத்தோடு நினைப்பதற்கு அவர் யாருடைய வேஷத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் ஒரு காரணம்.

1983 செப்டம்பரில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி ஒன்றில் சாயத்தையே கழற்றிவிட்டார்கள். அடுத்த 12 வருடத்துக்கு மேல் கிஸ் ஒரு சாதாரண முகமுள்ள குழு. வின்னி போய், மார்க் செயின்ட் ஜான் சிறிது காலம் இருந்து, பிறகு புரூஸ் குலிக் வந்தார். எரிக் கார் 1991இல் 41 வயதில் புற்றுநோயால் இறந்தார், எரிக் சிங்கர் வந்தார். இந்தக் காலத்தை ரசிகர்களே மட்டமாகப் பேசுவதுண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. வேஷம் இல்லாமலும் தங்க ஆல்பம், பிளாட்டினம் ஆல்பம் என்று விற்று, பெரிய அரங்குகளில் வாசித்திருக்கிறார்கள். பாட்டுக்கும் வாசிப்புக்கும் தனியே ஒரு பலம் இருந்தது என்பதற்கு அந்த 12 வருடம்தான் சாட்சி.

ஆனால் பணம் எங்கே இருக்கிறது என்பதை 1996 காட்டிவிட்டது. மூல நால்வரும் மீண்டும் சாயம் பூசிக் கிளம்பிய அந்தச் சுற்றுப்பயணம் அந்த ஆண்டு வட அமெரிக்காவின் அதிக வசூல் கச்சேரிகளின் வரிசையில் உச்சத்தில் இருந்தது. ஆட்கள் பழைய ஆட்கள்தான், கணக்கு பழைய கணக்கு இல்லை. 1970களில் நாலு பேரும் கூட்டாளிகள். 1996இல் ஏஸும் பீட்டரும் திரும்பி வந்தபோது குழுவின் உரிமை ஜீன், பால் இருவர் கையில் இருந்தது; மற்ற இருவரும் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வந்தவர்கள். தன்னுடைய பழைய சோலோக்களை (பாட்டின் நடுவே வரும் தனிக் கிடார் வாசிப்புகளை) மறுபடி வாசித்துப் பழக ஏஸுக்கு உதவியாக ஒரு ஆளைக் குழு நியமித்திருந்தது. அவர் பெயர் டாமி தேயர்.

2001இல் பீட்டர் சம்பளத் தகராறில் விலகினார். அவருக்குப் பதில் வந்த எரிக் சிங்கருக்கு இந்த முறை புது முகம் தரவில்லை, பூனை முகத்தையே பூசி மேடையேற்றினார்கள். 2002இல் ஏஸ் இடத்தில் டாமி தேயர், விண்வெளி மனிதன் வேஷத்தில், ஏஸின் சோலோக்களை அப்படியே வாசித்தார். பீட்டர் இடையில் ஒரு முறை திரும்பி வந்து 2004இல் மறுபடி போனார், அதற்குப் பிறகு கடைசிக் கச்சேரி வரை சிங்கரும் தேயரும்தான்.

1980இல் ஆளோடு முகமும் போனது. 2001இல் ஆள் போனார், முகம் நின்றது. 2023இல் எல்லா ஆட்களும் போனார்கள், முகம் மட்டும் நிற்கிறது. இந்த வரிசையைப் பார்த்தால் டிஜிட்டல் உருவங்கள் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவை இல்லை என்பது புரியும்.

கூத்தில் ஒரு வேஷத்துக்கு வருடா வருடம் ஆள் மாறினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், வேஷம் கதைக்குச் சொந்தம். விண்வெளி மனிதன் அப்படி இல்லை. ஏஸ் என்ற மனிதனின் நடை, தள்ளாட்டம், கிடார் பிடிக்கும் விதம் எல்லாம் சேர்ந்து உருவானது அது. ரசிகர்களின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் கோபம் 2014இல் வெளிப்படையாகவே வெடித்தது. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மூல நால்வரை மட்டுமே கௌரவிப்போம் என்றது, பால் ஸ்டான்லி மற்றவர்களையும் சேர்க்கச் சொன்னார், யார் வாசிப்பது என்பதில் ஒத்துவராமல் கடைசியில் அந்த விழாவில் கிஸ் வாசிக்கவே இல்லை.

ஒரு குழுவுக்குள் இருக்கும் உரிமைகள்

இப்போது விற்பனைக்கு வருவோம். “குழுவை விற்றார்கள்” என்ற செய்தியில் குறைந்தது நாலு தனித்தனி சொத்துகள் ஒளிந்திருக்கின்றன.

1. பாட்டின் எழுத்துரிமை. மெட்டும் வரிகளும் எழுதியவருக்குச் சொந்தமான உரிமை இது. பாட்டு வானொலியில் ஒலித்தால், படத்தில் வந்தால், வேறொருவர் பாடினால் இதற்குப் பணம் வரும். எழுதியவருக்குத்தான் வரும், வாசித்தவருக்கு வராது. கிஸ்ஸின் பெரிய ஹிட்டுகளில் ஒன்றான ‘பெத்’ பாட்டில் பீட்டர் கிறிஸ் பெயர் எழுத்தாளர்களில் ஒருவராக இருக்கிறது, குழுவை விட்டுப் போனதால் அந்தப் பெயர் அழிந்துவிடாது.

2. ஒலிப்பதிவின் உரிமை. இது அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு உரியது, பொதுவாக ரெக்கார்ட் கம்பெனி கையில் இருக்கும். கேஸபிளாங்கா பின்னர் பாலிகிராமுக்குப் போய், அது யுனிவர்சலுக்குள் போனது. ஆல்பங்களை வெளியிடுவது இன்றும் யுனிவர்சல்தான். கலைஞர்கள் தங்கள் கையிலிருந்து விற்பது பெரும்பாலும் அந்தப் பதிவுகளில் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியை, அதாவது வருமானப் பங்கைத்தான்.

3. வணிகக்குறி. குழுவின் பெயர், லோகோ போன்றவை. கிஸ் தன் பாத்திரங்களின் முகச்சாய வடிவங்களையும் அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிவு செய்திருக்கிறது. அதாவது பூனை முகம் சட்டத்தின் கண்ணில் ஒரு சோப்புக் கம்பெனியின் முத்திரை மாதிரி.

4. உருவ உரிமை. ஒருவரின் பெயர், முகம், குரல் ஆகியவற்றைக் காசாக்கும் உரிமை. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இறந்த பிறகும் கலிஃபோர்னியாவில் 70 வருடம், நியூயார்க்கில் 2021 சட்டப்படி 40 வருடம் வாரிசுகளுக்கு உண்டு.

இந்த நாலில் மூன்றாவதைத் தனியாகப் பார்க்க வேண்டும், விஷயத்தின் மையம் அங்கேதான். 1974இல் வெளியான அமெரிக்கப் பாட்டுக்கும் பதிவுக்கும் காப்புரிமை 95 வருடம். அப்படியானால் முதல் ஆல்பம் 2069 முடிந்ததும் பொதுச் சொத்தாகிவிடும், யார் வேண்டுமானாலும் இலவசமாக வெளியிடலாம். உருவ உரிமைக்கும் ஒரு முடிவு உண்டு. வணிகக்குறிக்கு மட்டும் முடிவே கிடையாது. பயன்பாட்டில் வைத்திருந்து, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அது என்றென்றும் செல்லும். 2070இல் கிஸ்ஸின் முதல் பாட்டை யாரும் காசில்லாமல் வெளியிடலாம், ஆனால் அந்த முகத்தோடு சட்டை அச்சடித்து விற்க முடியாது. “பயன்பாட்டில் வைத்திருப்பது” என்ற நிபந்தனையையும் சேர்த்துப் பாருங்கள்: அந்த முகங்கள் ஏதாவது ஒரு வடிவில் சந்தையில் உலவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்களுக்கு வயதாகிவிட்டால் வேறு யார் அதைச் செய்வது?

ஏன் 2024இல் விற்க வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால் வயது, வரி, சந்தை. 2024இல் ஜீனுக்கு 74, பாலுக்கு 72. வருடா வருடம் சில்லறையாக வரும் ராயல்டியை, பதினைந்து இருபது வருட வருமானத்துக்குச் சமமான ஒரே தொகையாக வாங்கிக்கொள்வது அந்த வயதில் புத்திசாலித்தனம், வாரிசுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது எளிது. அமெரிக்கச் சட்டப்படி பாட்டு எழுதியவர் தன் பாட்டுகளை விற்றால் அதை மூலதன ஆதாயமாக, அதாவது சொத்து விற்ற லாபமாகக் கணக்குக் காட்டலாம். அதற்கு மத்திய வரியின் உச்ச விகிதம் 20 சதவீதம், சாதாரண வருமானத்துக்கு 37. வட்டி குறைவாக இருந்த 2020, 2021இல் முதலீட்டாளர்கள் பாட்டு உரிமைகளைத் தேடித் தேடி வாங்க, பாப் டிலன் தன் பாட்டுகளை யுனிவர்சலுக்கும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சோனிக்கும் விற்றார்கள்.

அந்த விற்பனைகளில் பாட்டும் பதிவும்தான் பிரதானம். கிஸ் விற்றதில் பெயரும் உருவமும் சேர்ந்தே போனது. பாப்ஹவுஸை நிறுவிய இருவரில் ஒருவர் ஸ்வீடனின் புகழ்பெற்ற பாப் இசைக்குழுவான ஆபாவின் பியோர்ன் உல்வேயஸ். வாங்கிய பாட்டுகளைப் பெட்டியில் பூட்டி ராயல்டிக்காகக் காத்திருப்பதைவிட, அவற்றை வைத்துப் புதிய காட்சிகள் உருவாக்குவது அந்த நிறுவனத்தின் வழி.

டிஜிட்டல் உருவம் எப்படி வேலை செய்கிறது

பலரும் இதை ஹோலோகிராம் (ஒளியால் உருவாகும் முப்பரிமாண உருவம்) என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. லண்டனில் 2022 மே மாதம் தொடங்கிய ஆபா வாயேஜ் காட்சிதான் இதற்கு முன்மாதிரி, அதில் நடப்பது இப்படி:

1. ஆபாவின் நாலு பேரும் உணரிகள் பொருத்திய உடை அணிந்து, 160 கேமராக்களுக்கு முன்னால் ஐந்து வாரம் பாடி ஆடினார்கள். முகத்தின் ஒவ்வொரு அசைவும் பதிவானது.

2. ஸ்டார் வார்ஸ் படங்களின் காட்சி ஜாலங்களைச் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் அந்த அசைவுகளின் மேல் 1979 காலத்து இளமை உருவங்களைக் கணினியில் கட்டியது.

3. மூவாயிரம் பேர் கொள்ளும், இதற்கென்றே கட்டிய அரங்கில், ராட்சத எல்இடி திரையில் அது ஓடுகிறது. அரங்கின் விளக்குகளும் திரைக்குள் இருக்கும் விளக்குகளும் ஒன்றாக இயங்குவதால் கண் ஏமாறுகிறது. பக்கத்தில் பத்துப் பேர் கொண்ட நிஜ வாத்தியக் குழு வாசிக்கிறது.

கிஸ்ஸுக்கும் அதே நிறுவனம்தான் உருவங்களைச் செய்தது. ஆபாவுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆபாவின் உருவங்கள் நிஜ மனிதர்களின் இளமை முகங்கள், அந்த நாலு பேரே வந்து அசைந்து கொடுத்தது. கிஸ்ஸுக்கு உடை அணிந்து அசைந்தவர்கள் ஜீன், பால், டாமி தேயர், எரிக் சிங்கர். விண்வெளி மனிதனின் முகத்தை உருவாக்கியது ஒருவர், அதன் டிஜிட்டல் உடலுக்கு அசைவு தந்தது இன்னொருவர், இப்போது அதை வைத்திருப்பது ஒரு நிறுவனம்.

இதனால் யாருக்கு என்ன

ஜீனுக்கும் பாலுக்கும் இது லாபம், அதில் தவறில்லை. ஐம்பது வருடம் ஒரு நாள் விடாமல் அந்தப் பெயரைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள்தான், குழு திவாலாகும் நிலையிலும் விட்டுப் போகாதவர்கள். லாஸ் வேகாஸில் சாயமில்லாமல் வாசித்ததும் இந்த ஏற்பாட்டோடு முரண்படவில்லை. சாயம் பூசிய கிஸ்ஸின் சுற்றுப்பயணம்தான் முடிந்தது, மனிதர்கள் கிடாரைத் தொடக் கூடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

டாமி தேயரும் எரிக் சிங்கரும் இருபது வருடத்துக்கு மேல் திறமையாக வாசித்தவர்கள். சொந்த முகம் ஒன்றைக் கேட்டு வாங்காமல் போனதன் விலையை அவர்களும்தான் கொடுத்தார்கள், எவ்வளவு நன்றாக வாசித்தாலும் “இன்னொருவர் வேஷத்தில் இருப்பவர்” என்ற பேச்சு போகவில்லை.

அதிகம் இழந்தவர் ஏஸ். 2025 அக்டோபர் 16 அன்று 74 வயதில் அவர் இறந்தார். அந்த டிசம்பரில் வாஷிங்டனில் உள்ள கலை மையமான கென்னடி சென்டர் கிஸ்ஸைக் கௌரவித்தபோது, பட்டியலில் இருந்தது மூல நால்வரின் பெயர்கள்தான். அவர் வரைந்த லோகோவும் அவர் வடிவமைத்த முகமும் இனி பல பத்தாண்டுகளுக்குப் பணம் சம்பாதிக்கப் போகின்றன. டிஜிட்டல் காட்சி 2027இல் தொடங்கும் என்றுதான் முதலில் அறிவித்தார்கள், எப்போது தொடங்கினாலும் சரி, விண்வெளி மனிதன் முதல் சோலோ வாசிக்கும்போது அதை உருவாக்கியவர் ஏஸ் ஃப்ரேலி, பூனை மனிதனை உருவாக்கியவர் பீட்டர் கிறிஸ் என்று காட்சியிலேயே பெயர் போட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சடிக்க வேண்டும். இதைக் கேட்க ரசிகர்களுக்கு உரிமை இருக்கிறது, கேட்கவும் வேண்டும்.